சகலையின் பறவைகள்

சோலைமலை பொதுவாகப் பொறாமைக்காரர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது அதைத் துடைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் ஒரே ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் அவருக்கு மனசு ஆறாது. அந்த ஆள் அவருடைய சகலை, கந்தப்பன்.

வீரம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பிரியந்தியைச் சோலைமலை கட்டினார். சில வருடங்கள் அந்த வீட்டுக்கு அவர் ஒருவர்தான் மருமகன். கோழி அடித்தால் தொடைக் கறி அவர் தட்டில்தான் விழும். பிறகு இளையவள் கிருஷாந்தியைக் கட்டிக்கொண்டு கந்தப்பன் வந்தான். நல்ல உயரம், நல்ல குரல், எதைச் சொன்னாலும் சிரிக்கும்படி சொல்லத் தெரிந்தவன். வந்த முதல் தீபாவளிக்கே மாமியார் அவன் தட்டில் தொடையை வைத்துவிட்டு, "பெரிய மாப்ளைக்குத்தான் எதுன்னாலும் சரியே, ஒன்னும் சொல்ல மாட்டாரு" என்றாள். சோலைமலை அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துக் கறியைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே, தேயிலை மலை மூன்று பக்கமும் நெருக்கி நிற்கிற பள்ளத்தில் அவர்களுடைய தோட்டம். அதன் நடுவே, இப்போது சம்புக்குளம் என்று பெயர் விழுந்துவிட்ட குளம். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்காக ஓடையை மறித்துக் கட்டிய குளம் அது. கட்டின் நடுவில் ஒரு மதகு, மதகுக்கு மேலே ஒரு இரும்புச் சக்கரம். சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் கதவு ஏறித் தண்ணீர் கீழே போகும். மறுபக்கம் சுற்றினால் கதவு இறங்கித் தண்ணீர் நிற்கும். அதைச் சுற்றுவது சோலைமலையின் வேலை. அவருடைய அப்பா பழனியாண்டியும் அதைத்தான் செய்தார். கட்டின் ஓரத்தில் தகரம் போட்ட ஒரு காவல் கொட்டில், உள்ளே ஒரு பலகை, தேத்தண்ணிக்கு வெந்நீர் வைக்க ஒரு கேத்தல். அதுதான் அவருடைய ஆபீஸ்.

அந்தக் காலத்தில் குளத்தில் பறவை என்று சொல்லும்படி எதுவும் தங்கியதில்லை. தொழிற்சாலைக்காரர்கள் கேட்டால் தண்ணீர் இறங்கும், கீழே லீக்ஸ் போட்டவர்கள் கெஞ்சினால் இன்னும் இறங்கும், மழை அடித்தால் ஒரே நாளில் கட்டு மட்டத்துக்கு ஏறும். ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால் கரையில் ஒரு புல்கூட ஒழுங்காக வேர் பிடிக்காது. வெறும் செம்மண் விளிம்புதான். கொக்கு வரும், நிற்கும், போய்விடும்.

பிறகு ஒரு நாள் மதகின் திருகுத் தண்டு வளைந்து, கதவு பாதியில் இறுகிக்கொண்டது. எத்தனை பேர் தொங்கினாலும் சக்கரம் அசையவில்லை. புதுத் தண்டு வாங்கித் தருகிறோம் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. கதவு பாதியில் நின்றதால் தண்ணீரும் பாதியில் நின்றது. மழையில் கொஞ்சம் ஏறும், தானே வடியும், பழைய மட்டத்துக்கே வந்து நிற்கும். "ஒன் கதவு வேலையும் செய்யல, நீயும் வேலை செய்யல" என்று தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் சோலைமலையைப் பேசினார்.

அப்படி நின்ற தண்ணீரில்தான் சம்புக் கோரை முளைத்தது. ஆள் உயரத்துக்கு அடர்ந்தது. மேல்கோடியில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் பரவிச் சேறாகக் கிடந்தது. முதலில் முக்குளிப்பான்கள் வந்தன, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், ஆள் பார்க்கப் பார்க்க முழுகி வேறெங்கோ எழும்புகிறவை. பிறகு நீல உடம்பும் சிவப்பு மூக்குமாகச் சம்புக்கோழிகள். மார்கழி தையில் எங்கிருந்தோ உள்ளான்கள் வந்து மேல்கோடிச் சேற்றைக் கிண்டின. கொட்டிலில் உட்கார்ந்து சோலைமலை இதையெல்லாம் பார்த்தார். பார்த்தாரே தவிர, அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றியது கந்தப்பனுக்கு.

அவன் கொழும்பில் ஒரு கடையில் நின்றவன். ஊரே பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் அந்தக் கடை மூடப்பட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகள் நிற்கிற லயத்துக்குத் திரும்பி வந்தான். தோட்டத்தில் அவனுக்கு வேலை இல்லை. சும்மா கட்டு மேல் வந்து உட்கார்ந்து சோலைமலையின் தேத்தண்ணியைக் குடிப்பான். ஒரு நாள் கமராவோடு வந்த இரண்டு பேர் வழி கேட்க, சிங்களத்தில் பேசிச் சிரித்து அவர்களை மேல்கோடிக்கு அழைத்துப் போனான். அடுத்த வாரம் அவர்கள் வேறு நாலு பேரை அனுப்பினார்கள். கந்தப்பன் பறவைகளின் பெயரை மூன்று பாஷையிலும் படித்தான். சம்புக்குள் போக மூங்கிலில் ஒரு நடைபாலம் கட்டினான். றோட்டோரத்தில் பலகை நட்டான். கிருஷாந்தி வருகிறவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் செய்து கொடுத்தாள். ஒரு வெள்ளைக்காரி ஊருக்குப் போகும்போது கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

அந்தத் தூரக்கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் சோலைமலைக்கு மனசு காந்தும். 'தண்ணி என் தண்ணி. கதவு என் கதவு. பெரட்டுல பேச்சு வாங்கினவன் நான். பேரு வாங்குறவன் இவனா?'

வீட்டிலும் நிம்மதி இல்லை. பேப்பரில் கந்தப்பனின் படம் வந்த அன்று பிரியந்தி அதை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள்.

"அத எதுக்கு அங்க வச்ச?" என்றார் சோலைமலை.

"நம்ம வீட்டு மனுசன் பேப்பர்ல வந்திருக்காரு. வேற எங்க வைக்கிறது?"

அவர் சோற்றைப் பிசைந்தார். நாள் முழுக்க அந்தப் படம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒருவழியாகப் புதுத் தண்டு வந்தது. சக்கரம் எண்ணெய் போட்டதுபோலச் சுற்றியது. தொழிற்சாலைக்கு வேறு இடத்திலிருந்து தண்ணீர் வந்துவிட்டதால் யாரும் குளத்தைக் கேட்கவில்லை. கந்தப்பன் ஓடி வந்தான்.

"சகல, கதவு சரியாயிருச்சுன்னு தண்ணிய ஏத்தி எறக்கிறாதீங்க. இந்த மட்டத்துலயே நிக்கட்டும். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் எதுக்கு ஏத்துறேன்" என்று சோலைமலை பெருந்தன்மையாகச் சொன்னார். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். இத்தனை நாளைக்குப் பிறகு கந்தப்பன் தன்னிடம் ஒன்று கேட்டு நிற்கிறான். அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு வருடத்துக்கு மேல் மட்டத்தைக் காத்தார்.

அதைக் கெடுத்தது ஒரு சுவெட்டர்.

தை மாதக் குளிர். பிரியந்தி பின்னிக் கொடுத்த சிவப்புச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு சோலைமலை கட்டு மேல் நின்றார். எதிர்க்கரையில் கந்தப்பனோடு ஏழெட்டுப் பேர் பெரிய பெரிய கமராக்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒருவன் கையை ஆட்டித் தள்ளிப் போகச் சொன்னான். சோலைமலைக்கு விளங்கவில்லை. கந்தப்பன் கரையைச் சுற்றி நடந்து வந்தான்.

"சகல, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் செவப்பு சுவெட்டரப் பாத்துக் கோழி மெரளுதாம். கொஞ்ச நேரம் கொட்டிலுக்குள்ள இருக்கீங்களா?"

அவன் பணிவாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் சுட்டது. அப்பா காலத்திலிருந்து நின்ற கட்டு மேலிருந்து தன்னை ஒளியச் சொல்கிறான். சோலைமலை கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தகர ஓட்டை வழியாக அவர்களுடைய சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அந்த வாரமே கண்டாக்கையா வந்தார். கட்டின் உள்பக்கத்தில் கல் சரிந்திருக்கிறது, மழைக்கு முன்னால் பூச வேண்டும், தண்ணீரை இறக்கு என்றார்.

"அவசரமில்ல. ஆள் வர இன்னும் நாள் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா எறக்கு, போதும்."

செய்தி கேட்டுக் கந்தப்பன் மூச்சு வாங்க வந்தான். சம்புக்குள் முக்குளிப்பான்கள் கூடு கட்டியிருந்தன, சம்புக்கோழிகளும் அடைகாத்துக்கொண்டிருந்தன.

"முக்குளிப்பான் கூடு தண்ணி மேல மெதக்குது சகல, சம்புல ஒரு முடிச்சுப் போட்ட மாதிரி. தண்ணி மெதுவா எறங்கினா கூடும் கூடவே எறங்கும். சுத்தி முழங்கால் தண்ணி இருந்தாலே நாய் போகாது. ஒரேடியா எறக்கிட்டா சேத்துல ஒக்காந்துரும். நடந்தே போய்த் தின்னுரும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் கதவ ஒரு வெரல் தெறந்தாப் போதும். நாளைக்கு டீவிக்காரங்க வேற கொழும்புல இருந்து வர்றாங்க."

"பாக்கலாம்" என்றார் சோலைமலை.

மறுநாள் பெரட்டு முடிந்து ஆட்கள் மலை ஏறிய பிறகு அவர் மதகுக்குப் போனார். ஒரு விரல் திறந்தார். தண்ணீர் மெல்லச் சலசலத்தது. கையை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அப்போது 'டீவிக்காரங்க' என்ற சொல் காதில் வந்து உட்கார்ந்தது. லயத்தில் எல்லா வீட்டு டீவியிலும் கந்தப்பன் சிரிப்பான். மாமியார் எழுந்து போய்த் திரையைத் துடைப்பாள். சக்கரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு இன்னொன்று. கதவு முழுக்க ஏறும் வரை நிறுத்தவில்லை. கீழே தண்ணீர் இடிபோல விழுந்தது. அந்தச் சத்தம் அவருக்கு இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் அவர் செய்த எதற்கும் இவ்வளவு சத்தம் இருந்ததில்லை.

கந்தப்பன் அன்று டீவிக்காரர்களை அழைத்து வர நானுஓயாவுக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்தபோது குளம் குளமாக இல்லை. நடுவில் ஒரு குட்டை. அதைச் சுற்றிப் பெரிய கறுப்புச் சேற்று மைதானம். சம்புக் காடு தண்ணீரில்லாமல் வெறுங்காலோடு நின்றது. அதன் அடியில் அழுகல் இலைக் குவியல்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தன. அவைதான் கூடுகள். லயத்து நாய்கள் விளிம்புச் சேற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டிருந்தன. காக்கை கூட்டமாக இறங்கியிருந்தது. முக்குளிப்பான்கள் குட்டைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கத்தின.

டீவிக்காரர்கள் வேனிலிருந்து இறங்கி நின்றார்கள். ஒருவர் சிங்களத்தில், "பறவை எங்கே?" என்று கேட்டார். கந்தப்பன் சேற்றைப் பார்த்தான். சோலைமலை கொட்டில் வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. சிரிப்பில்லாத கந்தப்பன். கழுத்துக் கறி தின்ற அத்தனை தீபாவளிக்கும் சேர்த்து ஒரு விருந்து.

விருந்து நீடிக்கவில்லை. கந்தப்பன் நடைபாலத்தில் ஓடி, அது முடிந்த இடத்தில் சேற்றில் குதித்தான். நாய்களைத் துரத்திக்கொண்டு சம்புக்குள் போனான். மீந்திருந்த ஒரு கூட்டை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடுக்குட்டையை நோக்கி நடந்தான், தண்ணீரில் விட்டுவிடலாம் என்று. நாயைத் தாங்கிய சேறு ஆளைத் தாங்கவில்லை. முழங்கால் வரை போனான். அடுத்த அடியில் இடுப்பு வரை. காலை உருவப் பார்க்க, இன்னும் இறங்கினான். கூட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பிறகு மெதுவாக மார்பு வரை சேறு ஏறியது.

கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். யாருக்கும் எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை.

சோலைமலை நின்ற இடத்திலேயே நின்றார். வெற்றிலை ஒன்றை மடிக்கிற நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அவர் மனசில் ஓடியதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கிருஷாந்தி ரொட்டிக் கையோடு ஓடி வந்து, "மச்சான்" என்று அவரைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னபோதுதான் அவருக்குக் கால் அசைந்தது.

கொட்டிலின் கூரைத் தகரத்தைப் பிடுங்கினார். ஒன்றைச் சேற்றில் போட்டு அதன் மேல் படுத்து, அடுத்ததை முன்னால் தள்ளி, அதன் மேல் ஊர்ந்து போனார். பக்கத்தில் போனதும் கந்தப்பன் கையிலிருந்த கூட்டைத்தான் முதலில் நீட்டினான்.

"இத வாங்குங்க சகல. முட்ட இருக்கு."

"நீ மொதல்ல கையக் குடு."

"கதவ மூடிட்டீங்களா? இன்னும் தண்ணி போய்க்கிட்டே இருக்கு."

சோலைமலை கூட்டை வாங்கித் தகரத்தின் மேல் வைத்தார். அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தார். தகரம் வளைந்து சேறு அவர் வாய் வரை வந்தது. கரையிலிருந்து கயிறு வீசினார்கள். எப்படியோ இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள். கந்தப்பன் இருமிக்கொண்டு கிடந்தான். சோலைமலை எழுந்து சேறு வழிய வழிய மதகுக்கு நடந்துபோய் கதவை இறக்கினார்.

டீவிக்காரர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார்கள். பறவைப் படம் எடுக்க வந்தவர்களுக்கு அதைவிட நல்ல படம் கிடைத்துவிட்டது. மார்பளவு சேற்றில் கூட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கிற கந்தப்பன். லயத்தில் எல்லார் போனிலும் அதுதான். 'பறவைக்காக உயிரைக் கொடுக்கப் போன மனிதன்' என்று கீழே எழுதியிருந்தது. படத்தின் ஓரத்தில் சேறு அப்பிய ஒரு கை மட்டும் தெரிந்தது. அது தன் கை என்று சோலைமலை பிரியந்தியிடம் காட்டினார்.

அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"தெரியுது. கதவத் தெறந்ததும் இந்தக் கைதானே. நான் அன்னைக்கு மேல் மலைல கொழுந்து எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க நின்னு நின்னு சுத்துனதப் பாத்தேன்."

"கண்டாக்கையா எறக்கச் சொன்னாரு."

"அவரு சொன்னத நானும் கேட்டேன்" என்றாள் பிரியந்தி. அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோற்றை வழக்கம்போலப் போட்டாள், தேத்தண்ணி வழக்கம்போலக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அந்த வருடம் குளத்தில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. கந்தப்பன் காப்பாற்றிய கூட்டுக்குத் தாய்ப்பறவை திரும்பவில்லை. கட்டைப் பூசி முடித்து மழையில் குளம் நிறைந்த பிறகும் சம்பு வெகுநாள் பழுத்துத்தான் கிடந்தது. வருகிறவர்களும் குறைந்தார்கள். கிருஷாந்தி ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டு மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். சோலைமலை நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. ஆனாலும் கந்தப்பன் கட்டுப் பக்கம் வந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போகும்போதெல்லாம் அவருக்கு ஏனோ கேத்தலை அடுப்பில் வைக்கக் கை வரவில்லை.

போன் படத்தைப் பார்த்த யாரோ தோட்ட நிர்வாகத்தோடு பேசியிருக்க வேண்டும். மதகின் பக்கத்துக் கல்தூணில் மஞ்சள் பெயின்றில் இரண்டு கோடு போட்டார்கள். கூடு கட்டுகிற மாதங்களில் தண்ணீர் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது, கீழ்க் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஏறினால் சம்புக்கோழிக் கூடு மூழ்கும், இறங்கினால் நாய் வரும் என்று கண்டாக்கையா விளக்கினார். சோலைமலை எல்லாம் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கோடுகளுக்குக் காவல்காரரானார். லீக்ஸ்காரர்கள் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லிக் கெஞ்சியும் அசையவில்லை. மேல்கோடிச் சேற்றை வடிக்கக் கான் வெட்டிக் கிழங்கு போடலாம் என்று ஒரு கூட்டம் மண்வெட்டியோடு வந்தபோது, வாய்ச்சண்டை போட்டு அனுப்பினார். பெருமழை நாட்களில் நனைந்துகொண்டே நின்று, ஏறுகிற தண்ணீருக்கு ஏற்ற மாதிரி கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். வெறுமனே நல்ல மனசால் செய்தார் என்று சொல்ல முடியாது. குஞ்சுகள் வந்தால் அவை தன் கோட்டுக்குள் வந்தவையாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது.

அடுத்த தையில் முக்குளிப்பான்கள் சம்பில் முடிச்சுப் போட்டன. மாசியில் ஒரு சம்புக்கோழி, கறுப்புப் பஞ்சு உருண்டைகள்போல நாலைந்து குஞ்சுகளை அழைத்துக்கொண்டு மதகுக்கு நேரே வந்தது. சோலைமலை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்த வாரமே வேன்கள் வந்தன. வந்தவர்கள் இறங்கியதும் கந்தப்பனைத் தேடிப்போய் அவன் கையைக் குலுக்கினார்கள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மாமியார் வீட்டில் சாப்பாடு. கறி எந்தத் தட்டில் விழுந்தது என்று பார்க்காமலே சோலைமலை சாப்பிட்டார். கை கழுவக் குழாயடிக்குப் போனபோது கந்தப்பனும் வந்தான். யாரும் பக்கத்தில் இல்லை.

"சகல," என்றான் கந்தப்பன், "அன்னைக்குக் கதவு ஒரேடியாத் தெறந்தது எனக்குத் தெரியும். தண்ணி போன தடத்தப் பாத்தாலே தெரியுமே."

சோலைமலையின் கையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் கண்டாக்கையாகிட்டச் சொல்லல?"

"சொன்னா ஒங்கள மாத்திருவாங்க. புதுசா வர்றவன் எப்படித் தெறப்பான்னு யாரு கண்டா? ஒங்களுக்கு எம்மேல என்ன கோவம்னு எனக்குச் சரியாத் தெரியல. ஆனா ஒங்க கைல கதவு நின்னா நிக்கும்னு தெரியும்." அவன் குழாயை மூடிவிட்டு ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். "கோவம் இருந்தா என்னைய வஞ்சிருங்க. தண்ணி மேல காட்டிறாதீங்க."

சோலைமலைக்கு அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. அதற்குப் பதில் பழைய காந்தல்தான் வந்தது. செய்த குற்றத்தை மன்னித்ததிலும் இவனே முந்திவிட்டான். பெருந்தன்மையையும் இவனே எடுத்துக்கொண்டான். சோலைமலைக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"சரி" என்றார்.

உள்ளே வீரம்மா, "சின்ன மாப்ள, பாயாசம்" என்று கூப்பிட்டாள். கந்தப்பன் போனான். அவன் ஏதோ சொல்ல, வீடு முழுக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. மேற்கே மலை உச்சியில் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை இறங்கும். குளம் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றதைக் காலையில் பார்த்திருந்தார்.

"பாயாசம் குடிக்காம எங்க போறீங்க?" என்று பிரியந்தி வாசலில் நின்று கேட்டாள்.

"தண்ணி ஏறிரும். கொஞ்சம் தெறந்து விட்டுட்டு வர்றேன்."

"எவ்வளவு?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கேலியாகக் கேட்கவில்லை.

"ஒரு வெரல்" என்றார் சோலைமலை. பிறகு சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே இறங்குகிற குறுக்குப் பாதையில் கட்டை நோக்கி நடந்தார்.